ஒரே பட்டத்தில் ஊரையே வாட வைப்பது எப்படி?

தர்பூசணிக்கு நோய் வர வைப்பது ஒரு வித்தையே இல்லை. மார்கழிப் பனியும் மாசி வெயிலும் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். வந்த நோயை உங்கள் ஒரு ஏக்கரோடு முடங்கவிடாமல் பக்கத்துக் கொல்லை, அடுத்த ஊர், அடுத்த பட்டம் என்று கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பூசணத்துக்குக் கால் கிடையாது. வைரஸுக்குச் சிறகு கிடையாது. உங்களுக்கோ இரண்டு கால், ஒரு டிராக்டர், ஒரு மருந்து டேங்க், உரக்கடையில் ஒரு கணக்கு எல்லாம் உண்டு. திண்டிவனத்தில் தொடங்கி மரக்காணம் வரை இதில் பாதியை எல்லோரும் பழகி வைத்திருக்கிறார்கள். மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. விதையிலிருந்தே ஆரம்பியுங்கள். ஹைபிரிட் விதை விலை கட்டுப்படியாகவில்லையா? போன பட்டத்துப் பழத்திலிருந்தே எடுத்துக் காயவையுங்கள். பழத்தின் மேல்பக்கம் எண்ணெய் பட்டாற்போல் கரும்பச்சைத் திட்டு படர்ந்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அந்தத் திட்டைப் போடும் அசிடோவோராக்ஸ் என்ற பாக்டீரியா விதையோடு விதையாகவே ஊர்விட்டு ஊர் போகும். 1989-ல் அமெரிக்காவில் புளோரிடா, தென் கரோலினா, இந்தியானா மாநிலங்களின் வயல்களில் பழத்தைப் பாழாக்கியது இதுதான். 1990களின் நடுவில் அங்கே சில விதைக் கம்பெனிகள் வழக்குக்குப் பயந்து தர்பூசணி விதை விற்பனையையே நிறுத்தி வைத்தன. அவர்களை அந்தப் பாடு படுத்திய சரக்கு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

2. நாற்று வாங்குவதானால், குழித்தட்டைக் கழுவாமலே திரும்ப நிரப்பும் நாற்றங்காலாகப் பார்த்துப் பிடியுங்கள். பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றும் இடம் என்றால் இன்னும் விசேஷம். ஒரு நாற்றில் இருப்பது துளி தெறித்து அக்கம்பக்கத்து நாற்றுக்கெல்லாம் போய்விடும். வண்டியில் ஏற்றும்போது தட்டை எண்ணிப் பாருங்கள். இலையைத் திருப்பிப் பார்க்காதீர்கள்.

3. மண்ணை மாற்றாதீர்கள். போன வருஷம் தர்பூசணி போட்ட அதே கொல்லையில் இந்த வருஷமும் போடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளரி போடுங்கள், அப்புறம் பூசணி, அப்புறம் பாகல். கணக்குக்குப் பயிர் சுழற்சி ஆயிற்று. பிசின் தண்டுக் கருகலுக்குக் குடும்பச் சாப்பாடும் ஆயிற்று.

வாடல் நோய்க்கு இவ்வளவு சிரமமும் வேண்டாம். ஃபுசேரியம் பூசணம் செடியே இல்லாமல் மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு காத்துக் கிடக்கும். இதை எதிர்க்கவென்று அமெரிக்க வேளாண் துறையின் ஆர்ட்டன், வாயில் வைக்க முடியாத ஒரு ரகத்தோடு நல்ல தர்பூசணியைக் கலப்புச் செய்து 1911-ல் ஒரு ரகத்தை வெளியிட்டார். பெயர் ‘கான்கரர்’, வெற்றிவீரன். நோயை ஜெயித்தது, தின்பவரை ஜெயிக்கவில்லை. ஜப்பான்காரர்கள் 1920களிலேயே பூசணி, சுரை வேரில் தர்பூசணியை ஒட்டுக்கட்டத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் அந்த வம்பெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டாம். வாடல் கண்ட கொல்லையில் ரொட்டவேட்டர் ஓட்டிய கையோடு, சக்கரத்து மண்ணைத் தட்டாமல் வண்டியை அடுத்த கொல்லைக்கு அனுப்புங்கள். வாடகைக்கு ஓடும் டிராக்டர் என்றால் ஒரு நாளில் ஐந்தாறு பேருக்குப் பங்கு போய்ச் சேரும்.

4. கொடி உச்சி வெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டுங்கள். தண்டைக் கீறி உள்ளே பழுப்பு ஓடியிருக்கிறதா என்று பார்க்கும் ஆளைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். மோட்டாரைப் போட்டு வாய்க்காலில் திறந்துவிடுங்கள். தலைமாட்டில் இருக்கும் பூசணம் கடைமடை வரை மிதந்து போகட்டும்.

5. மல்ச்சிங் ஷீட் போடுவீர்கள். ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. வெள்ளிப் பக்கம் பளபளத்து இலைப்பேனையும் அசுவினியையும் தடுமாற வைக்கும். அதனால் அதைக் கீழே போட்டுக் கறுப்பை மேலே வையுங்கள். விருந்தாளி வரும் வழியில் கண்ணைக் கூச வைப்பது மரியாதையா?

6. இது முக்கியமான பாடம், நிதானமாகப் படியுங்கள். இருபது இருபத்தைந்து நாளில் ஏதோ ஒரு செடியில் கொடியின் நுனி ஓடாமல், குட்டையாகி, பாம்பு படமெடுத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். மொட்டு கருகும். மொட்டுக் கருகல் வைரஸ் வந்துவிட்டது. அந்த ஒரு செடியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்! இலைப்பேன் அந்த வைரஸைக் குஞ்சாக இருக்கும்போது குடித்தால்தான் பரப்பும். வளர்ந்தபின் குடித்துப் பயனில்லை. ஆக, நோய்ச்செடியிலேயே முட்டை பொரிந்து, குஞ்சு அங்கேயே சாறு குடித்து வளர வேண்டும். அப்படி வளர்ந்தது ஆயுள் முழுக்க, உட்காரும் செடிக்கெல்லாம் வைரஸைக் கொடுத்துக்கொண்டே போகும். உங்கள் வேலை பிரசவ விடுதியை மூடாமல் பார்த்துக்கொள்வதுதான். செடியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். பதினேழு பேர் பதினேழு மருந்து சொல்வார்கள். அதற்குள் ஒரு தலைமுறை பறந்துவிடும். அப்படியும் பிடுங்கித்தான் தீருவேன் என்றால், மூட்டையில் கட்டாமல் கொல்லை முழுக்க உதறிக்கொண்டே நடந்து வரப்பில் எறியுங்கள்.

7. தேமல் வைரஸின் வழியே வேறு. அசுவினி ஒரு இலையில் வாய் வைத்த சில நொடிகளில் அதை ஏற்றிக்கொள்ளும். அடுத்த இலையில் சில நொடிகளில் இறக்கிவிடும். பூச்சிமருந்து அசுவினியைக் கொல்வதற்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே கடுமையாக மருந்தடியுங்கள். சாகும் முன் மிரண்டு நாலு செடி மாறி உட்கார்ந்தால் உங்களுக்குத்தானே லாபம்?

8. பனி இறங்கி இலை சொட்டச் சொட்ட இருக்கும் விடியற்காலைதான் கொல்லைக்குள் உலாவ உகந்த நேரம். ஆந்த்ராக்னோஸ் பூசணத்தின் வித்துகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். காற்று அவற்றை எளிதில் தூக்காது, வேட்டியும் கத்தியும் தூக்கும். களைவெட்ட வந்தவர்களை நோய்ப் பாரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி நல்ல பாருக்கு நகர்த்துங்கள். அடிச்சாம்பல் நோய்க்கு இந்த உதவியும் தேவையில்லை. இலை ஈரமாக இருந்தால் போதும், காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

9. மழையும் இல்லை, பனியும் இல்லையா? மனம் தளராதீர்கள். சாம்பல் நோய் இருக்கிறது; அதற்கு இலையில் சொட்டு நீரும் தேவையில்லை.

10. மருந்தடிப்பில் ஒரே கொள்கை: நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் டேங்க் நிரம்பிவிட வேண்டும். பூசணத்துக்குப் பூச்சிமருந்து, வைரஸுக்குப் பூசண மருந்து, பாக்டீரியாவுக்கு டானிக். கடைக்காரர் மூன்று பாட்டில் கொடுத்தால் மூன்றையும் ஒன்றாகக் கலக்குங்கள். அவர் கூட ஒன்று கொடுத்தால் அது பாசம். அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூசண மருந்து ஒரு முறை கேட்டுவிட்டதா? பட்டம் முழுக்க அதையே அடியுங்கள். பிசின் தண்டுக் கருகல் பூசணம் அந்த வகை மருந்துக்கு அசையாமல் போன இடங்கள் உலகில் நிறைய உண்டு. உங்கள் ஊர் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? காலையில் பூ விரிந்திருக்கும்போது அடிப்பதும் நல்ல யோசனை. தேனீ செத்தால் பிஞ்சே பிடிக்காது, நோய் வர இடமே இருக்காது. இது குறுக்கு வழி. பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும்.

11. கடைசி லோடு ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போங்கள். கொடி காயட்டும், சொத்தைக் காய் அழுகட்டும். அக்கறை பொங்கினால் வாரியெடுத்துக் குப்பைக்குழியில் போட்டு, அரைகுறையாக மக்கியதும் எருவென்று சொந்தக்காரர்களுக்கும் கொடுங்கள். தானாய் முளைத்த கன்றுகளைக் களையாதீர்கள், பாவம். அடுத்த பட்டம் வரை இலைப்பேனுக்கும் வைரஸுக்கும் போக்கிடம் வேண்டுமே.

12. எல்லாம் சரியாகச் செய்திருந்தால், நாலைந்து வருஷத்தில் அந்தக் கொல்லையில் உங்களாலேயே தர்பூசணி எடுக்க முடியாது. அப்போது குத்தகைக்கு விடுங்கள். வெளியூர் ஆளாகப் பாருங்கள். என்ன பயிர் வைத்தீர்கள் என்று கேட்டால், “எல்லாந்தாங்க வெச்சோம், நல்லா வந்துச்சு” என்று சொல்லுங்கள். தண்ணீரைக் காட்டுங்கள், கரண்ட் நேரத்தைச் சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். வாடல் பெரும்பாலும் கொடி ஓடிக் காய் பிடிக்கும்போதுதான் வெளியே தெரியும்; பணம் முழுவதையும் விதை ஊன்றும் அன்றே வாங்கிவிடுங்கள்.