காரியாலய ஸ்தலாந்தரம்: ஒரு விசாரணை

வியாபாரம் விருத்தியடைந்து, இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி என்னும் நிலை வந்தபின், காரியாலயத்தைப் பெயர்த்து வேறோரிடத்தில் ஸ்தாபிப்பது எங்ஙனம் என்ற பிரச்சினை, பிரம்ம விசாரத்துக்குச் சற்றும் இளைத்ததன்றாயினும், நம் பண்டிதர்கள் அதைத் தீண்டாமல் விட்டது பெருங்குறையே. சரித்திரம் அவ்வாறு வாளாவிருக்கவில்லை. ஆர்மகானில் நல்ல துணி அகப்படாமல் 1640ஆம் ஆண்டில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே வந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரின் இடமாற்றமே சென்னை நகரின் ஜன்மத்துக்குக் காரணம். அதற்கு மூன்று நூற்றாண்டு முன்பு டில்லியைத் தேவகிரிக்குப் பெயர்க்க முயன்ற முகமது பின் துக்ளக்கோ, வந்த வழியே திரும்ப நேர்ந்தது. முன்னவர்கள் துணியைத் தேடிப் போனார்கள். பின்னவர் ராஜ்யத்தின் நடுமையத்தைத் தேடிப் போனார்.

இவ்வாராய்ச்சிக்கு உதாரணமாக நாம் கொள்வது, லிங்கிச் செட்டித் தெரு மாடியொன்றில் சுங்க முகவர் தொழில் நடத்திச் செழித்து, துறைமுகத்தை விட்டுக் கிண்டியிலுள்ள கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடிக்குக் குடிபோன ஒரு ஸ்தாபனம். (தொழில் வளர்ந்ததால் துறைமுகம் தூரமாயிற்று; இப்போது ஒரு பையன் தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷனுக்குப் போய் வருகிறான்.)

இவ்விஷயத்தில் பூர்வபக்ஷிகள் இரு திறத்தினர். ஆடியும் மார்கழியும் கூடாது, வெள்ளிக்கிழமை உத்தமம், ஆனால் 10.30க்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பர் பஞ்சாங்கவாதிகள். அவர்கள் சொற்படி புது இடத்தில் கணபதி ஹோமம் நடந்தது. கூரையிலிருந்த புகையுணர்வுக் கருவி அதைத் தீவிபத்தென்று தீர்மானித்து அலறவே, கட்டடத்திலிருந்த மற்ற கம்பெனிக்காரர்களெல்லாம் படிவழியே இறங்கிப் புது அண்டைவீட்டாரை அறிமுகம் செய்துகொண்டார்கள். லிஃப்ட் வாசலை அளந்துகொள், மின் இணைப்பின் அனுமதித்த லோடு ஏசிக்குத் தாங்குமா பார், இன்டர்நெட்டுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிப்போடு, ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் சீட்டு ஒட்டு என்பர் பட்டியல்வாதிகள். அவை யாவும் உண்மை, செய்யாதவன் வருந்துவான். ஆயினும் பட்டியலில் ஏறுவது யாரேனும் ஒருவர் நினைவில் வைத்திருக்கும் பொருளே என்பதுதான் அம்மதத்தின் தோஷம்.

இனிச் சித்தாந்தம். காரியாலயப் பொருள்கள் உடையவன் உள்ளவை, உடையவர் பலராயுள்ளவை, உடையவனே இல்லாதவை என மூவகைப்படும். முதல் வகை தானே போய்ச் சேரும். இரண்டாவது வகையாகிய ஜன்னலோர இடம் சண்டையிட்டுக்கொண்டு போய்ச் சேரும். மூன்றாம் வகையே காரியத்தைக் கெடுப்பது. அதன் சிரேஷ்ட உதாரணம் சாவிக்கொத்து.

மேற்படி ஸ்தாபனத்தில் அது சணல் கயிற்றில் கோத்த கனத்த கொத்து. ஒரு சாவியின் தலையில் சிவப்பு நகப்பூச்சு, இன்னொன்றில் பச்சை நூல், மற்றவை அநாமதேயம். எது எந்தப் பீரோவுக்கு என்பதை அறிந்தவர் அட்டெண்டர் ஒருவரே. திட்டம் வகுத்த மானேஜரோ, பழைய வீட்டுக்காரரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு வரும்படி அவரைப் பின்னே நிறுத்திவிட்டார். அவரும் வாசற்சாவி கோத்திருந்த கொத்தை அப்படியே ஒப்படைத்தார். கிண்டியில் பில் ஆஃப் என்ட்ரி கோப்புகள் உள்ளே இருக்கப் பீரோ பூட்டியபடி நின்றது; துறைமுகத்தில் கன்டெய்னருக்கு டெமரேஜ் ஏறிற்று. கொத்து மாலையில் ஆட்டோவில் வந்தபின்னும் பீரோ இணங்கவில்லை. “அண்ணே, சிவப்பா, பச்சையா?” என்று போனில் கேட்டதற்கு, “பச்சைதான் சார். இடப்பக்கமா திருப்பி, கதவை முட்டியால ஒரு தள்ளு தள்ளுங்க” என்றார் அவர். இந்த முட்டியின் உபயோகம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே திட்டம் வகுப்போர் கட்டடக் கலைஞரை அழைக்குமுன், அட்டெண்டரை உட்காரவைத்து ஒரு பிற்பகல் முழுதும் பேசவிட்டுக் கேட்கவேண்டும் என்பது எமது துணிபு. முதல் லாரியிலும் அவரையே ஏற்றியனுப்ப வேண்டும்.

முகவரி மாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜிஎஸ்டி பதிவில் 15 நாளுக்குள்ளும், பதிவலுவலகமே மாறினால் கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அச்சடித்துக் கையிருப்பிலுள்ள கவர்களுக்கு மட்டும் எந்தச் சட்டமும் கெடு வைக்காமையால், அவை தீரும் வரையில், லிங்கிச் செட்டித் தெருவின்மீது கிண்டியை ரப்பர் ஸ்டாம்பால் குத்தும் உத்தியோகம் கடைசியாகச் சேர்ந்த பையனுக்கே உரியது.