கூண்டைத் தாண்டிய புலி

கேள்வி: சர்க்கஸ் புலி தப்பி ஓடிய கதையை எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நிஜமாகவே அப்படி நடந்ததுண்டா?
– வாசகர், பாடாங் செராய், கெடா

பதில்: நடந்திருக்கிறது. ஊர் சிங்கப்பூர், ஆண்டு 1902, ஆகஸ்டு மாதம். பீச் ரோடு பக்கம் காட்சிக்கு வைத்திருந்த புலி ஒன்று தப்பி, ராஃபிள்ஸ் ஹோட்டலுக்குள் நுழைந்தது. விருந்துக்கு அல்ல, ஒளிந்துகொள்ள! பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் பதுங்கியது என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் அது பதுங்கியது, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய பில்லியர்ட்ஸ் அறையின் தரைக்கு அடியில். ராஃபிள்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் பிலிப்ஸை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் சுட்டுக் கொன்றார்.

புலி மட்டுமல்ல, 1994-இல் ஹோனலூலுவில் டைக் என்ற சர்க்கஸ் யானையும் தன் பயிற்சியாளரைக் கொன்றுவிட்டுத் தெருவுக்கு ஓடியது. போலீஸ் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. ஓடிய விலங்கைக் கொடூரம் என்கிறோம். சங்கிலியையும் அங்குசத்தையும் என்னவென்பது?

புலியின் இடம் கூடாரமல்ல, காடு; ஆனால் மலேசியக் காடுகளில் இன்று 150-க்கும் குறைவான புலிகளே இருக்கின்றன. உங்கள் ஊர்த் திடலில் விலங்கு வித்தைக்குக் கூடாரம் போட்டால், தயவுசெய்து டிக்கெட் வாங்காதீர்கள்.