பிபி மாமா

ஜிம்முக்கு எல்லோரும் துண்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வருவார்கள். பிபி மாமாவின் பையில் கூடுதலாக ஒரு பிபி மெஷின், மாற்று பேட்டரி நாலு, ஒரு கோடு போட்ட நோட்டு. வயது ஐம்பத்தெட்டு. பாங்கில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு, வாட்ஸ்அப்பில் பாதி மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறார்.

லெக் பிரஸ்ஸில் உட்காருவார். பையன்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னொரு பிளேட் ஏறும். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே தள்ளு. கழுத்து நரம்பு முருங்கைக்காயாகப் புடைக்கும்.

"அங்கிள், தள்ளும்போது மூச்சை விடுங்க" என்பார் கோச்.

"விட்டா பலம் போயிடும்பா."

இறங்கிய கையோடு பிபி மெஷினின் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, அது இறுக்கும்போதே ஊர்க்கதை பேசுவார். 168/92. உடனே மெஷின் மேல் சந்தேகம். கோச் கையில் சுற்றுவார்: 118. கூட்ட வந்த அம்மாவின் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு அவர் கையிலும் சுற்றுவார்: 124. பழுது மெஷினில் இல்லை.

தூக்கும்போது என்ன ஏறுகிறது என்பது பெல்ட்டுக்குத் தெரியவே தெரியாது. 1985-இல் கனடாவில் ஐந்து பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே குழாய் விட்டு அளந்தார்கள். முழு பலத்தோடு லெக் பிரஸ் செய்தபோது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350! மூச்சை அடக்குவதும் அதற்கு ஒரு காரணம். எடையை விட்டதும் சில நொடிகளில் அது சரசரவென்று இறங்கிவிட்டது.

மாமாவின் கூத்து அரை மணி நேரம் கழித்துத்தான். உடற்பயிற்சி முடிந்தபின் ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கும்; பிபி வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கியே இருக்கும், ஒரு மணி நேரமோ சில மணி நேரமோ. அது தெரியாத மாமா 116/74-ஐப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போடுவார். "ஏய், பிபி போயிடுச்சு. இன்னிக்கு சாம்பார்ல உப்பு ஒழுங்கா போடு!"

மறுநாள் காலை 144. பழி சாம்பார் மேல்.

அதோடு விட்டாரா? வட்டிக் கணக்குப் போட்ட மூளை. எண்பது கிலோவுக்கு 116 என்றால் நூறு கிலோவுக்கு எவ்வளவு என்று நோட்டில் வகுத்துப் பார்க்கிறார். ஏற்றிய எடைக்கு ஏற்ப இறக்கம் தரும் உடம்பு கிடையாது, மாமா. மிதமான எடையை மூச்சு விட்டு விட்டுத் தூக்கினாலே அந்த இறக்கம் கிடைக்கும். பிளேட்டைக் கூட்டினால், தள்ளுகிற அந்த நேரத்து ஏற்றம்தான் கூடும். கோச் மூன்று மாதமாக இதைத்தான் சொல்கிறார். நோட்டில் அதற்கு மட்டும் பத்தி இல்லை.

உங்கள் ஜிம்மிலும் ஒருவர் இருப்பார். பெல்ட்டோடு வந்தால் ஓடாதீர்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள். பிபி பார்க்கும் முறை அதுதான். மாமாவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.