முழுக் கட்டணம், அரைப் படுக்கை

ரயில்வேயைக் குறை சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் முன்பதிவு 60 நாள் முன்பே, காலை 8 மணிக்குத் திறக்கிறது. காபி ஆறுவதற்குள் முடிந்தும் விடுகிறது. இத்தனை சுறுசுறுப்பான அரசு வேலை வேறு ஏது?

ஆர்ஏசி இன்னும் உயர்ந்த ஏற்பாடு. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, இருவரிடமும் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். விழுப்புரம் தாண்டுவதற்குள் எதிராளியின் சர்க்கரை அளவும் அவர் மகளின் ஜாதகமும் உங்களுக்கு அத்துப்படி. பேச்சுத்துணைக்குத் தனிக் கட்டணம் போடாதது அவர்களுடைய பெருந்தன்மை.

கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்குத் தட்கல். முந்தின நாள் காலை 11 மணிக்கு ஆதார், ஓடிபி, கோணல்மாணல் எழுத்து எல்லாம் கடந்து டிக்கெட் உறுதியானால், பிறகு மனம் மாறினாலும் பணம் திரும்பாது. மன உறுதியை வளர்க்க இதைவிட மலிவான வழி உண்டா? பிரீமியம் தட்கலில் படுக்கை குறையக் குறையக் கட்டணம் ஏறும். இதே நியாயப்படி மடக்கிய காலுக்கு ஒரு விலை, நீட்டிய காலுக்கு ஒரு விலை, குறட்டைக்கு ஜிஎஸ்டி என்று விரிவாக்கலாம். கனவை மட்டும் முதியோருக்குச் சலுகையில் தரலாம்.

இத்தனையும் வென்று ஒருவர் முழுப் படுக்கையில் காலை நீட்டுகிறார். தாம்பரத்தில் பையோடு ஏறிய ஒருவர் பவ்யமாகக் குனிகிறார்:

"சார், வெயிட்டிங் லிஸ்ட். காலைக் கொஞ்சம் மடக்கிக்கிறீங்களா? திருச்சி வரைக்கும்தான்."