சந்தா கட்டாச் சிரோமணி

பினாங்கு ஜார்ஜ் டவுனில், பலகையில் லெபு பசார் என்றும் நம்மவர் வாயில் கடைத்தெரு என்றும் வழங்கும் வீதியிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும், காலை ஏழு மணிக்குமேல் எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தமக்குச் சொந்தமல்லாத ஒரு பத்திரிகையைப் பிதிரார்ஜிதச் சொத்துக்குரிய பாத்தியதையோடு மேஜை நிறைய விரித்துப்போட்டு அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தரிசிக்கலாம். ஆள் கடைக்குக் கடை வேறுபடலாம், லட்சணம் வேறுபடுவதில்லை. பத்திரிகை படிப்பதில் இவரை மிஞ்சியவர் இத்தீவில் இல்லை. அதற்குக் காசு கொடுப்பதில்லை என்ற வைராக்கியத்திலும் இவரை மிஞ்சியவர் இல்லை. ஆகையால் இவரைச் சந்தா கட்டாச் சிரோமணி என்று அழைப்பது மரியாதைக் குறைவு ஆகாது என்று நினைக்கிறேன்.

நான் அறிந்த சிரோமணி துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு வரும் ஒரே பத்திரிகையை அவர் கையாளும் விதம் ஒரு தனிக் கலை. முதலில் தாள்களைத் தனித்தனியே பிரிப்பார். மரண அறிவிப்புகள் உள்ள பக்கம் கைக்குப் போகும். விளையாட்டுப் பக்கம் தேநீர்க் குவளைக்கு அடியில் போகும். பின்னால் நிதானமாகப் படிப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட அரசியல் தாள்களோ, பிறர் கைபடாத பத்திரமான ஸ்தானம் உலகில் அது ஒன்றே என்பதனால், அவருடைய தொடைக்கும் நாற்காலிக்கும் இடையே போய்ச் சேரும். எதிரில் இருப்பவர் யாராவது, "ஐயா, அந்த நடுத்தாளக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?" என்று கேட்டால், "இருங்க தம்பி, அத நான் இன்னும் பாக்கல" என்ற விடை வருமே அன்றி, தாள் வராது.

இதைக் கொண்டு அவரைக் கருமி என்று எண்ணுபவர்கள் அவருக்குப் பெரிய அநீதி செய்தவர்கள் ஆவார்கள். தைப்பூசத்தன்று இரதம் வரும் வழியில் பினாங்கில் தேங்காய் உடைபடும் சத்தம் உலகப் பிரசித்தம். அந்தச் சத்தத்தில் சிரோமணியின் பங்கு சாமானியமானது அன்று. தண்ணீர்ப் பந்தலுக்கு அரிசி மூட்டை கொடுப்பவர் அவர். வாரம் தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவரும் அவரே. எடுத்த நம்பர் எதுவும் அடித்ததாக வரலாறு இல்லை. மீன்முட்டையும் கணவாயும் வைத்து, குழம்பு வெள்ளமாய்ப் பெருக நாசி கண்டார் உண்டு எழுந்து, தட்டுக்கு என்ன விலை என்று கேட்காமல் நோட்டை நீட்டும் கை, அதே அளவு தொகையை ஒரு மாதச் செய்திக்குக் கட்டணமாகக் கேட்டால் மட்டும் பக்கவாதம் கண்டதுபோல் அசையாமற் போவானேன் என்பதே ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

இத்தனைக்கும் அவர் பத்திரிகைத் தொழிலின் பெருமை அறியாதவர் அல்லர். இந்தத் தீவில் 1806-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பத்திரிகை அச்சாகிவிட்டது என்பதையும், சுன் யாட்-சென்னின் இயக்கத்தார் 1910-ல் தொடங்கிய குவாங் வா சீனப் பத்திரிகை இன்றுவரை இங்கிருந்து வருவதையும், நாடெங்கும் விற்கும் ஸ்டார் பத்திரிகை 1971-ல் பினாங்குப் பத்திரிகையாகவே பிறந்ததையும், வெளியூர்க்காரர் யாராவது அகப்பட்டால் மூச்சுவிடாமல் எடுத்துரைப்பார். கேட்பவருக்குப் பினாங்கில் பிறந்தோர் அனைவரும் அச்சுக்கூடத்தில் பிறந்தவர்களோ என்ற மயக்கம் உண்டாகும். எந்தப் பத்திரிகைக்காவது நீங்கள் சந்தா கட்டியது உண்டா என்று மட்டும் அந்த வெளியூர்க்காரர் கேட்டுவிடக் கூடாது.

பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகை, அரசாங்கங்களுக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30 ரூபாய், சாமானியருக்கு 3 ரூபாய் என்று ஆளின் அந்தஸ்தைப் பார்த்து வருஷ சந்தா விதித்திருந்த செய்தியை ஒருமுறை நான் அவரிடம் பிரஸ்தாபித்தேன். அதைக் கேட்டுப் பரவசமான சிரோமணி, "பாத்தீங்களா, கவியோட மனசு! அப்படியே இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பென்ஷன்காரனுக்கு இனாம்னு போட்டிருந்தா அந்தப் பத்திரிகை இன்னும் நடந்திருக்கும்" என்றார். பத்திரிகை நின்றதற்குப் பிரிட்டிஷ் சர்க்காரின் அடக்குமுறை காரணம் என்று சரித்திரம் சொல்வதை அவர் முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை.

இப்படி நிர்விக்கினமாக நடந்துவந்த வாழ்க்கையில் முதல் இடி 2002-ல் விழுந்தது. ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் 1999 நவம்பரில் இணையத்தில் தொடங்கிய மலேசியாகினி, மற்றப் பத்திரிகைகள் எழுதாததை எழுதுகிறது என்ற கீர்த்தி பெற்று, மகன் வாங்கிவைத்த கணினியின் வழியே சிரோமணியின் வீட்டுக்குள்ளும் வந்து, காலைத் தேநீருக்கு முன் அதைப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை நடுங்கும் என்ற நிலைமை ஏற்பட்ட பிறகு, திடீரென்று ஒரு நாள், இனிச் சந்தா கட்டினால்தான் படிக்கலாம் என்று கதவைச் சாத்திவிட்டது. மேலை நாட்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காசு கேட்கத் தொடங்கியிருந்தது. நியூயார்க் டைம்ஸோ 2011 வரை தயங்கி, அதன்பின் மாதம் இருபது கட்டுரை இனாம், இருபத்தொன்றாவதற்குப் பணம் என்று கணக்கு வகுத்தது. வாசகனுடைய பையைத் தொடுவதற்குப் பெரிய பெரிய பத்திரிகாதிபதிகள் அஞ்சிக்கொண்டிருந்த காலத்தில், பெட்டாலிங் ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் திரிந்த ஒரு சிறு கூட்டத்தார் துணிந்து கையை நீட்டினார்கள் என்றால், அந்தத் துணிவை நான் மெச்சுகிறேன், சிரோமணி மெச்சவில்லை. "காத்துக்கும் மழைக்கும் காசா?" என்றார். காற்று தானாக வீசுகிறது, நிருபர் தானாக வீசுவதில்லை, அவருக்குச் சம்பளம் உண்டு என்று நான் சொன்னது அவர் செவியில் ஏறியதாகத் தெரியவில்லை.

பத்திரிகையின் விலை ஒரு நாளும் பத்திரிகையின் செலவுக்குப் போதியதில்லை, விளம்பரதாரரே நமக்காகவும் சேர்த்துப் பணம் கட்டி வந்தார், வீடு வாடகைக்கு, ஆள் வேலைக்கு என்ற சிறு விளம்பரங்கள் முதற்கொண்டு எல்லாம் கூகிளுக்கும் முகநூலுக்கும் குடிபெயர்ந்துவிட்டபடியால் அச்சுக்கூடத்து அடுப்பு அணைகிறது என்ற விவரங்களும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் முடிவு வேறு. விளம்பரதாரரைத் திரும்ப அழைத்துவருவது பத்திரிகாதிபதியின் கடமை, அதில் வாசகன் தலையிடுவது அழகன்று என்பதே அது.

இப்போது எங்கே திரும்பினாலும் பூட்டு. ஸ்டார் பத்திரிகையும் சில கட்டுரைகளின் தலையில் சந்தாதாரர்க்கு மட்டும் என்ற முத்திரையைக் குத்திவிட்டது. பூட்டப்பட்ட பக்கத்தின் அமைப்பைக் கவனித்திருப்பீர்கள். முதல் பாரா பளிச்சென்று இருக்கும். இரண்டாவது பாராவில் எழுத்து வெளிறத் தொடங்கும். மூன்றாவது பாரா பனிமூட்டத்தில் மறைய, அதன்மேல் விலைப்பட்டியல் வந்து நிற்கும். சாமானியர் இவ்விடத்தில் திரும்பிவிடுவர். சிரோமணி திரும்புவதில்லை. நம் முன்னோர் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று மூன்று பிரமாணங்களை வகுத்தது இதற்காகவே என்பதுபோல், கண்ணுக்குத் தெரிந்த இரண்டு பாராக்களைப் பிரத்தியட்சமாகக் கொண்டு, மறைந்துள்ள பதினெட்டு பாராக்களை அனுமானத்தால் நிரப்பிக்கொண்டு, அனுமானம் எட்டாத இடங்களில் வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் வந்து விழும் தகவல்களை ஆப்தவாக்கியமாக ஏற்று, கடைக்கு வரும்போது அந்தக் கட்டுரையை எழுதியவரைக் காட்டிலும் தெளிவாக விஷயத்தை விளக்கும் சக்தி பெற்றிருப்பார். மந்திரிசபை மாற்றம் குறித்த ஒரு கட்டுரையை அவர் இவ்வாறு அரைமணி நேரம் வியாக்கியானம் செய்ததைக் கேட்டு, பிறகு வீட்டுக்குப் போய், சந்தா கட்டியவன் என்ற ஹோதாவில் நான் அதை முழுதும் படித்துப் பார்த்தேன். கட்டுரை சிரோமணி சொன்னதற்கு நேர் விரோதமாக முடிந்திருந்தது. வாதத்தின் அழகில் சிரோமணியுடையதே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உபாயங்களுக்கும் குறைவில்லை. பக்கம் முழுதும் இறங்குவதற்கு முந்திய அந்த அரைக்கணத்தில் விரலால் அதைத் தடுத்து நிறுத்திவிட்டால் பூட்டு விழாது என்று பேரன் ஒருவன் சொல்லிக்கொடுத்தது முதல், அதற்கென்றே வலதுகைச் சுட்டுவிரலைப் பழக்கிவைத்திருக்கிறார். ஒரு மாதம் இனாம் என்று எந்தப் பத்திரிகை அறிவித்தாலும் புதியதொரு மின்னஞ்சல் முகவரியோடு ஆஜராவார். குடும்பத்தில் உள்ளவர் பெயரெல்லாம் தீர்ந்து, இப்போது குலதெய்வத்தின் பெயரில் ஒரு கணக்கு நடந்துவருகிறது. அச்சுப் பத்திரிகையை அப்படியே படமெடுத்து விடியுமுன் புலனக் குழுக்களில் இறக்கிவிடும் புண்ணியவான்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அவர் வைத்திருக்கும் மதிப்பு சொல்லி முடியாது. இவை தவிர, சில பொதுத்தேர்தல்களின்போது மலேசியாகினி பூட்டைக் கழற்றிவைத்து எல்லாரையும் உள்ளே விட்டது உண்டு. நாடாளுமன்றம் எப்போது கலையும் என்று சிரோமணி அவ்வளவு ஆவலோடு விசாரிப்பது ஜனநாயகப் பற்றினால் என்று வெகு நாள் நம்பியிருந்தேன்.

இவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தைக் குழப்பிவிட்டது 2021 பிப்ரவரி 19. வாசகர் சிலர் எழுதிய வார்த்தைகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் செய்தது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5,00,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. உதவுங்கள் என்று அந்நிறுவனத்தார் வேண்டிக்கொண்ட சில மணி நேரத்துக்குள், பத்தும் இருபதும் நூறுமாக ஜனங்கள் அனுப்பி அந்தத் தொகை முழுவதையும் சேர்த்துவிட்டார்கள். அன்று மாலை சிரோமணி வழக்கத்துக்கு மாறாக என் வீடு தேடி வந்து, வங்கிக்குப் பணம் அனுப்பும் விதம் தமக்குத் தெரியாது என்றும், தம் பெயரில் 100 வெள்ளி அனுப்பிவைக்க வேண்டும் என்றும் சொல்லி, நோட்டு இரண்டை மேஜையில் வைத்தார். ஏறக்குறைய இருபது வருஷமாக ஒரு காசு சந்தா கட்டாத மனிதர்! நான் வாய் திறப்பதற்குள் அவரே, "சந்தான்னா வியாபாரம். இது தர்மம்" என்றார். விலை என்று கேட்டால் இறுகிக்கொள்ளும் முடிச்சு தானம் என்று கேட்டால் அவிழ்ந்துவிடுகிறது என்பதை அன்றுதான் கண்டேன். பத்திரிகைக்காரர்கள் விலைப்பட்டியலை எடுத்துவிட்டு அங்கே ஓர் உண்டியலின் படத்தைப் போட்டுப் பார்க்கலாம். மலேசியாகினிக்காரர்களுக்கு இது முன்பே தெரியும் போலும். 2014-ல் சொந்தக் கட்டடத்துக்குப் போனபோது செங்கல் ஒன்று 1,000 ரிங்கிட் என்று சொல்லித்தான் அவர்கள் ஜனங்களிடம் பணம் திரட்டினார்கள்.

இருந்தாலும் தர்மம் ஆபத்துக்கு வருமே அன்றி மாதச் சம்பளத்துக்கு வராது. 1924-ல் தோன்றிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது, சிரோமணி உண்மையாகவே கண் கலங்கினார். தமிழன் ஒரு பத்திரிகையைக் காப்பாற்ற வக்கற்றுப் போனான் என்று ஒரு வாரம் கடையில் பிரலாபித்தார். கடைசி இதழை இன்னமும் பிளாஸ்டிக் உறையிட்டு அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அதன் முகப்பில், அதை அவர் எடுத்துவந்த முடிதிருத்தும் நிலையத்தின் ரப்பர் முத்திரை தெளிவாகப் பதிந்திருக்கிறது.

போன தீபாவளிக்கு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் வேட்டி அனுப்புவதற்குப் பதிலாக, இணையப் பத்திரிகை ஒன்றுக்கு அப்பாவின் பெயரில் ஒரு வருஷச் சந்தாவைக் கட்டிவிட்டான். இரண்டு நாள் சிரோமணி முகத்தில் களையே இல்லை. அனுமானத்துக்கு வேலையில்லாமல் முழுக் கட்டுரையையும் படிக்க நேர்ந்ததில் அவருடைய பிரசங்கத்தின் சுவை குன்றிப்போயிற்று. மூன்றாம் நாள் ஒரு தீர்மானத்துக்கு வந்தவராய், தம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். தேநீர் ஆற்றும் தம்பி முதல் நாலு நம்பர் எழுதுபவர் வரை அத்தனை பேரும் உள்ளே புகுந்தார்கள். ஒரு வாரத்தில், அளவுக்கு மிஞ்சிய கைபேசிகளில் இக்கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, பத்திரிகை எல்லாரையும் வெளியேற்றிற்று, சிரோமணியையும் சேர்த்து.

அன்றே ஆசிரியருக்கு ஒரு கடிதம் வரைந்து, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். பணம் கட்டிய வாசகனை வாசலில் நிறுத்துவது பத்திரிகா தர்மமா, நூற்றாண்டுகால வாசக மரபுள்ள ஒரு நகரத்தை அவமதிக்கலாமா என்றெல்லாம் நாலு பக்கம் ஓடி, "இங்ஙனம், தங்கள் நெடுநாளைய சந்தாதாரன்" என்று முடிந்திருந்தது. கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு: "இக்கடிதத்தைப் பூட்டு இல்லாத பக்கத்தில் பிரசுரிக்கக் கோருகிறேன். என் சிநேகிதர்கள் ஒருவரும் சந்தா கட்டியவர்கள் அல்லர்."