விதைக்கு விட்ட பழம்: ஒரு தக்காளி விசாரம்

திருவேங்கடம் என்றவுடன் ஏழுமலையானை எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அன்பர்கள் சற்றே கையை இறக்கிக்கொள்ளலாம். நாம் விசாரிக்கப் புகுவது சங்கரன்கோவிலை அடுத்த கரிசல் பூமியாகிய திருவேங்கடத்தையும், அங்கே எங்கள் வீட்டுப் புறவாசலில் துவைக்கும் கல்லை ஒட்டி நிற்கும் ஏழு நாட்டுத் தக்காளிச் செடிகளையுமே.

தென்னமெரிக்காவில் ஜனித்து, மெக்ஸிகோவில் பயிராகி, கப்பலேறி இத்தேசம் வந்த இக்கனி, மணத்தக்காளியின் பெயரில் பாதியை அபகரித்துக்கொண்ட பிறகும் திவசச் சமையலில் இன்றுவரை பிரவேசம் பெறவில்லை. இது காய்கறியே என்று 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சுங்க வழக்கில் தீர்ப்பளித்தது. எங்கள் ஆச்சி அத்தீர்ப்பை அறியாமலேயே அதற்குக் கீழ்ப்படிந்து வருகிறாள். வெசூவியஸ் எரிமலையடியில் விழுதுக்கென்றே நீண்டு விளையும் சான் மார்ட்சானோவைப் போன்ற லட்சணம் நம்முடையதற்குக் கிடையாது. சப்பை உருவம், வரியோடிய மேனி, மெல்லிய தோல், தொக்குக் கிண்டினால் மூன்று வீடு தள்ளித் தும்மல். ஆயினும் பெரியகுளத்து ஆராய்ச்சியாளர் பி.கே.எம். 1 ரகத்தை உண்டாக்கியது அன்னஞ்சி என்னும் நாட்டு ரகத்திலிருந்துதான் என்பதால், சப்பை உருவத்தை இகழ்வதற்கில்லை.

விதையெடுப்பதில் இரண்டு மதங்கள் உண்டு. விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு, பழத்துக்குள்ளேயே அது முளைத்துவிடாமல் தடுப்பதாகும். அதைச் சாம்பலில் பிசறிச் சுவரில் அப்பி உலர்த்துவது ஆச்சி மதம். சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, நுரைத்தபின் அலசி, அடியில் தங்கிய விதையை மட்டும் நிழலில் உலர்த்துவது என் மதம். முளைப்பில் பேதம் காணவில்லை, நாற்றத்தில் கண்டார்கள். என் சட்டி வீதிக்கு வந்தது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதால் ஜாதகப் பொருத்தமும் தேவையில்லை. பிள்ளை தாயைப்போலவே இருக்கும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டுரகத்தின் பிள்ளைகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆனால் சாஸ்திரங்கள் அனைத்தும் மௌனம் சாதிக்கும் சங்கடம் ஒன்றுண்டு. விதைக்கு விட வேண்டியது நோயற்ற செடியின் முதல்தரமான பழம்; அது கனிந்து தொளதொளக்கும்வரை செடியிலேயே இருக்கவேண்டும்; ரசத்துக்கு உகந்ததும் அதே பழம். சிவப்பு நூல் கட்டி அடையாளமிட்டேன். நூல் மட்டும் மறுநாள் அடுப்பங்கரையில் கிடந்தது. கேட்டதற்கு, “ஏலே, வீடு தேடி வந்தவுகளுக்கு வெறும் புளித்தண்ணியா ஊத்தச் சொல்லுத?” என்றாள் ஆச்சி. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டியிருக்கிறது. ரசச்சட்டியிடமிருந்து அவ்வுரிமையைக் காக்கும் பிரிவு எதுவும் அதில் என் கண்ணில் படவில்லை.

இப்போது செடியில் நூல் கட்டிய பழம் ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆதலால், எங்கள் வீட்டுக்கு வர உத்தேசித்திருக்கும் பந்துமித்திரர்கள், தயவுசெய்து, அடுத்த வெள்ளிக்கிழமை கழித்து வரவும்.