லினக்ஸில் ஆட்டமும் பொறுமையும்

கேள்வி: லினக்ஸில் கேம் ஆட உட்கார்ந்தால், ஆடும் நேரத்தைவிட ரிப்பேர் பார்க்கும் நேரம்தான் அதிகம். பொறுத்துப் போவதா, விண்டோஸுக்கே திரும்பிவிடுவதா?

பதில்: என்ன கேம் என்பதை முதலில் சொல்லுங்கள்! வேலரன்ட், ஃபோர்ட்நைட் என்றால் பொறுமையை வீணாக்காதீர்கள். அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு ஏற்பாடு லினக்ஸை வாசலிலேயே நிறுத்திவிடும். நீங்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நம்பி உட்காரலாம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்க 1993-இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் வால்வ் நிறுவனம் 2018-இல் கட்டியெழுப்பிய புரோட்டான், விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித் தருகிறது. விண்டோஸுக்கென்றே எழுதிய கேம் இங்கே ஓடுவது சாதாரண வித்தையா என்ன! புது கேம் ஆரம்பத்தில் திக்கித் திணறினால் பதறாதீர்கள். பெரும்பாலும் ஷேடர்கள், அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்கள், தயாராகிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

கேம் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறதா? அங்கே பொறுமையோடு ஒழுங்கும் வேண்டும். வால்வின் ஸ்டீம் செயலியில் அந்த கேமுக்கு மட்டும் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். நாலு மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் எது காய்ச்சலைத் தணித்தது என்று எப்படித் தெரியும்? அதற்கும் மசியாவிட்டால், புரோட்டான் அந்த கேமுக்கென உருவாக்கிய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ஆனால் நீங்கள் சேமித்த ஆட்டம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். முதலில் அதை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.